மூன்று தட்டு ஸ்டாண்டை விடுங்கோ, தோசைக்கல்லை எடுங்கோ

கொழும்பிலயோ நுவரெலியாவிலயோ இருக்கிற ஏதாவது ஒரு பெரிய ஹொட்டேலின் முகநூல் பக்கத்துக்குப் போய்ப் பாருங்கோ. "ஹை ரீ" என்று ஒரு விளம்பரம் கட்டாயம் இருக்கும். மூன்று தட்டு அடுக்கின ஸ்டாண்ட், ஒரு தட்டில் விரலளவு சான்ட்விச், ஒன்றில் ஸ்கோன், ஒன்றில் குட்டிக் குட்டிக் கேக். பக்கத்தில் பூப்போட்ட பீங்கான் கோப்பை. பிறந்தநாள், பட்டமளிப்பு, பிரியாவிடை எண்டு எங்கட வயதுப் பிள்ளைகள் காசு சேர்த்துக்கொண்டு போய் அங்க படம் எடுக்கினம். ஒரு பின்னேரம் பிரபு வீட்டில் இருந்த மாதிரி ஒரு உணர்வு. விற்பனைப் பொருளே அந்த உணர்வுதான்.

ஆனால் "ஹை ரீ" என்பது பிரபு வீட்டுச் சொல்லே அல்ல. பிரித்தானியாவின் வடக்கில், ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சனம் பின்னேரம் ஐந்து, ஆறு மணிக்குக் களைத்து வீட்டுக்கு வந்து சாப்பிட்ட இராச்சாப்பாட்டின் பெயர் அது. பாண், முட்டை, இருந்தால் குளிர்ந்த இறைச்சியோ மீனோ, நடுவில் ஒரு பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி. பிரபுக்கள் குடித்தது "ஆஃப்டர்நூன் ரீ". 1840களில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னாவுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கும் பிந்திய இராச்சாப்பாட்டுக்கும் இடையில் பசித்ததாம், அதிலிருந்துதான் அந்தப் பழக்கம் வந்ததாம் என்று ஒரு கதை சொல்லுவார்கள். இரண்டும் வேறு வேறு. தொழிலாளியின் சாப்பாட்டுப் பெயரை எடுத்து, சீமாட்டியின் மேசையில் ஒட்டி, அதை எங்களுக்கு விற்கிறார்கள்.

இது வெறும் பெயர்க் குழப்பம் எண்டு விட்டிருப்பன். ஆனால் எங்கட பக்கத்திலயும் இதே குழப்பம் இருக்குது. பீடத்தில் ஒரு நாள் கன்ரீனில் இதைப் பற்றிக் கதைக்க, ஒரு நண்பன் சொன்னான்: "மச்சான், வெள்ளைக்காரன்ட சாப்பாடு எங்களுக்கு எதுக்கு? காலனியத்தை விட்டு வெளிய வரவேணும் எண்டு கட்டுரை எழுதிறம், பிறகு ஸ்கோன் சுடுறம்." கோபம் எனக்கு விளங்குது. ஆனால் அவனும் அந்த ஹொட்டேல் விளம்பரமும் ஒரே விசயத்தைத்தான் நம்புகினம்: அந்தச் சாப்பாடு ஆண்டவனுடைய சாப்பாடு என்று. ஒருவர் அதற்காக ஆசைப்படுகிறார், மற்றவர் அதற்காக வெறுக்கிறார், அவ்வளவுதான்.

அடுப்பங்கரையில் நின்று பார்த்தால் கதை வேற மாதிரி.

கிரம்பெட், பைக்லெட், மஃபின், ஸ்கொட்லாந்தின் பழைய ஸ்கோன், வேல்ஸின் வெல்ஷ் கேக். இவை எல்லாத்துக்கும் பொதுவான ஒன்று, ஓவன் தேவையில்லை. தட்டையான ஒரு கல், பிறகு இரும்புத் தட்டு. ஸ்கொட்லாந்தில் அதற்கு "கேர்டில்" என்று பெயர், வட இங்கிலாந்தில் "பேக்ஸ்டோன்", அதாவது சுடுகல். வெல்ஷ் கேக்குக்கு வெல்ஷ் மொழியில் இருக்கிற பெயரிலேயே "கல்லின் மேல்" என்ற அர்த்தம் இருக்கிறது. ஏன் கல்? ஓவன் கட்ட இடமும் காசும் அதை எரிக்க விறகும் எல்லாரிடமும் இருக்கவில்லை. ஒரே ஒரு கணப்பு, அதுதான் வீட்டைச் சூடாக்கும், அதுதான் சமைக்கும். அதற்கு மேல் கல்லை வைத்துச் சுட்டார்கள். எங்கட வீட்டுத் தோசைக்கல்லும் இதே காரணத்துக்காகத்தான் இருக்குது.

சமைக்கவே நேரமில்லாத நகரத்துச் சனத்துக்குத் தெருவில் வந்தது. 1851இல் ஹென்றி மேஹியூ லண்டன் ஏழைகளின் தொழில்களைப் பற்றி எழுதின பெரிய நூலில் மஃபினும் கிரம்பெட்டும் விற்கிறவர்கள் வருகிறார்கள், கையில் மணியோடு. பின்னேரத்தில் மணிச்சத்தம் கேட்டால் சனம் கதவைத் திறக்கும். (எங்கட சூன் பாண் ஓட்டோவை நினைச்சுக்கொள்ளுங்கோ. பாட்டு மட்டும் வேற.)

சரி, கிரம்பெட்டுக்கு வருவம், ஏனென்றால் எங்கட அடுப்புக்கு ஆகப் பொருந்துறது அதுதான். தெரியாதவர்களுக்கு: உள்ளங்கை அளவு வட்டம், ஒரு விரல் தடிப்பு, அடி பொன்னிறமாய்த் தட்டை, மேல் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. பட்டர் பூசினால் அந்த ஓட்டைகளுக்குள்ளால் இறங்கும். அப்பம் தெரிந்த ஒருத்தருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. பொங்கின மா, சூடான இரும்பு, மேலே வந்து வெடிக்கிற குமிழ். அரிசிக்குப் பதில் கோதுமை, கள்ளுக்குப் பதில் ஈஸ்ட்.

250 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பாலும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து, கை பொறுக்கிற இளஞ்சூட்டில் 350 மில்லிலீற்றர். நல்லா அடியுங்கோ, மூன்று நாலு நிமிசமாவது. பிரித்தானியச் சமையல் குறிப்பு ஒரு மணித்தியாலம் மூடி வை எண்டு சொல்லும். அது அவையின்ட குளிருக்கு. எங்கட வெக்கைக்கு நாற்பது நிமிசமே காணும். நுரைச்சுப் பொங்கி, நடுவில் விழத் தொடங்கினால் சரி. பிறகு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடாவை 50 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான தண்ணியில் கரைத்து ஊற்றிக் கலக்கி, இன்னும் இருபது நிமிசம் விடவேணும்.

அந்த அப்பச்சோடாதான் ஓட்டையின் ரகசியம். ஈஸ்ட் மாவைப் புளிக்க வைத்திருக்கும், சோடா அந்தப் புளிப்போடும் சூட்டோடும் சேர்ந்து இன்னொரு சுற்று வாயுவை விடும். மா போதிய அளவு தண்ணியாக இருந்தால் குமிழ் அடியிலிருந்து நேராக மேலே வரும், வந்த வழி குழாய் மாதிரி அப்படியே இறுகும். மா தடிப்பென்றால் குமிழ் நடுவழியில் மாட்டுப்படும், மேலே மொட்டை. கரைசல் வளையத்துக்கு அடியால் ஓடினால் தண்ணி கூடிப்போச்சு. அதனால் முதலில் ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பார்த்து, அதன்படி மாவையோ தண்ணியையோ கூட்டிக் குறைக்கவேணும்.

வளையத்துக்குக் கடையில் தேடி அலைய வேண்டாம். மீன் பேணியின் இரண்டு பக்கமும் வெட்டி, விளிம்பைக் கவனமாய் மழுக்கி, உள்ளுக்கு எண்ணெய் பூசினால் போதும். கல்லை மெல்லிய நெருப்பில் வையுங்கோ, தோசைக்கு வைக்கிற சூடு இதுக்குக் கூட. வளையத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல் ஊற்றி, தொடாமல் விடுங்கோ. எட்டுப் பத்து நிமிசத்தில் மேல் காய்ந்து ஓட்டை தெரியும். வளையத்தை எடுத்து, ஒரு நிமிசம் மறுபக்கம் போட்டு எடுக்கலாம். உடனே சாப்பிடாதீங்கோ. ஆறவிட்டு, திரும்ப வாட்டி, பிறகு பட்டர். கிரம்பெட் இரண்டு தரம் சூடு காணவேண்டிய சாப்பாடு. முதல் சூட்டில் உள்ளே இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்.

எலிசபெத் ராஃபால்ட் 1769இல் தன் சமையல் நூலில் கிரம்பெட்டுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஹன்னா கிளாஸ் 1747இலேயே மஃபின் எழுதிவிட்டார். (மஃபின் என்றால் கடதாசிக் கோப்பைக்குள் இருக்கிற சொக்லேட் கேக் இல்லை. அது அமெரிக்காக்காரரின் வேலை. ஆங்கில மஃபின் என்பது கல்லில் சுடுகிற தட்டையான ஈஸ்ட் பாண்.) எலிசபெத் டேவிட் 1977இல் வெளியிட்ட ஆங்கிலப் பாண் பற்றின தடித்த புத்தகத்தில் மஃபினுக்கும் கிரம்பெட்டுக்கும் என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. இவை உண்மையிலேயே பழசு.

ஸ்கோன் அப்படியில்லை. அதாவது ஸ்டாண்டில் இருக்கிற உயரமான ஸ்கோன். அது பேக்கிங் பவுடர் வந்த பிறகுதான் அந்த உயரத்துக்கு வளர்ந்தது. பேக்கிங் பவுடரை 1843இல் பேர்மிங்ஹாமில் அல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் செய்தார், தன் மனைவி எலிசபெத்துக்காக. அவருக்கு முட்டையும் ஒத்துக்கொள்ளாது, ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. இரண்டு வருடத்தில் பிரிஸ்டலில் ஹென்றி ஜோன்ஸ் தானே பொங்குகிற மாவுக்கு உரிமம் எடுத்தார். கப்பலில் மாலுமிகள் காய்ந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் நல்ல பாண் சாப்பிடவேணும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே "காலங்காலமான பாரம்பரிய ஸ்கோன்" என்று மெனுவில் எழுதியிருப்பது, உண்மையில் நோயாளி மனைவிக்கு ஒருவர் செய்த ரசாயனப் பொடியில் நிற்கிறது. எனக்கு இந்தக் கதை சீமாட்டியின் பசியைவிடப் பிடிச்சிருக்கு. பாரம்பரியம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான், யாரோ ஒருத்தருக்கு ஏதோ ஒன்று இல்லாமல் போனதால் வந்தது. ஸ்கோனில் முதலில் ஜாமா கிரீமா என்று டெவன்காரரும் கோர்ன்வால்காரரும் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும்.

நண்பனின் கேள்விக்கு இன்னும் முழுசாய்ப் பதில் சொல்லவில்லை. "ஏழையின்ட சாப்பாடு, ஆகவே பாவமில்லை" எண்டு நான் முடிச்சால் அதுவும் பொய்.

தேத்தண்ணி பிரித்தானிய ஏழைக்கு எப்படிக் கிடைத்தது? 1784இல் தேயிலை வரியை 119 வீதத்திலிருந்து 12.5 வீதமாக வெட்டினார்கள். அதற்குள் போட்ட சீனி கரிபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகள் வெட்டின கரும்பிலிருந்து வந்தது. அடிமைமுறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் 20 மில்லியன் பவுணை நட்டஈடாகக் கொடுத்தது. அடிமைகளுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. சிட்னி மின்ட்ஸ் என்ற மானிடவியலாளர் 1985இல் சீனியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கலைப்பீடத்தில் இருக்கிறவர்கள் அதை ஒருதரம் தேடி வாசியுங்கோ. இனிப்புத் தேத்தண்ணியும் பாணும் ஜாமும் ஆலைத் தொழிலாளியின் வயிற்றுக்கு மலிவான, வேகமான சக்தி. இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவனை நிற்க வைத்தது அதுதான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சமைக்க நேரம் தேவையில்லை. குளிர்ந்த பாணும் ஒரு கோப்பைச் சூடான தேத்தண்ணி சேர்ந்தால் சமைத்த சாப்பாடு மாதிரி இருக்கும்.

இதை வாசிக்கும்போது ஹட்டன் பக்கத்து அறைத்தோழி ஒருத்தி சொன்னது நினைவுக்கு வந்தது. கிரம்பெட் சுட்டுக்கொண்டு இருக்கேக்க அவள் அடுப்பைப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வீட்டுல அம்மா மலைக்கு போகுறதுக்கு முன்னுக்கு ரொட்டி சுடுறதும் இப்படித்தான். கோதும மா, உப்பு, தண்ணி. ரொட்டியும் தேத்தண்ணியும்தான் காலைல." கோதுமை மா, சீனி, தேத்தண்ணி. மான்செஸ்டரில் பஞ்சாலைக்குப் போனவளுக்கும் அதேதான், கொழுந்து பறிக்கப் போனவளுக்கும் அதேதான். தேயிலையின் ஒரு நுனியில் அதைப் பறித்தவர், மற்ற நுனியில் அதைக் குடித்தவர், இரண்டு பேருக்கும் நேரமும் இல்லை, காசும் இல்லை. நடுவில் இருந்தவர்களுக்குத்தான் ஸ்டாண்ட்.

சமமாக இருந்தார்கள் எண்டு சொல்ல வரேல்லை. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதற்குப் பிறகு வந்த அந்தக் கோப்பையின் விலையை ஒரு பக்கம் மிகக் கூடக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில், 1940இல், பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. வாரத்துக்கு ஒரு ஆளுக்கு 2 அவுன்ஸ், கிட்டத்தட்ட 57 கிராம். ஜப்பான் இந்தோனேசியாவைப் பிடித்த பிறகு அந்த அவுன்ஸ்களுக்கு இந்தியாவையும் இலங்கையையும்தான் பெரும்பாலும் நம்பவேண்டியிருந்தது. 1952 வரைக்கும் அங்கே பங்கீட்டு அட்டையில் தேயிலை இருந்தது. அதே காலத்துக்குள், 1948இல், அந்தத் தேயிலையைப் பறித்தவர்களின் குடியுரிமையை இங்கே ஒரு சட்டம் எடுத்துவிட்டது. அதை எடுத்தது பிரித்தானியர் இல்லை, சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம். காலனியத்தைப் பற்றிக் கதைக்கிற எங்கட கன்ரீன் மேசையில் இந்தப் பகுதி ஏன் அடிக்கடி வாறேல்லை?

எனக்கு நுவரெலியா ஹை ரீயில் இருக்கிற பிரச்சினை ஸ்கோன் இல்லை. யன்னலுக்கு வெளியே கொழுந்து பறிக்கிறவர்கள் அந்த மேசைக்கு ஒரு காட்சி. நான் பார்த்த விலைப்பட்டியல்களில் ஒரு ஆளுக்கான ஸ்டாண்டின் விலை, வெளியே நிற்கிறவரின் ஒரு நாள் சம்பளத்தை விடக் கூட.

பிரித்தானியாவிலயும் இந்தப் பாண்களை வைத்து ஒரு இனிப்பான கனவு விற்கிறார்கள்தான். 2010இல் தொடங்கின அந்தப் பெரிய பேக்கிங் போட்டி நிகழ்ச்சியைப் பாருங்கோ, வெள்ளைக் கூடாரம், தோரணம், பச்சைப் புல்வெளி. ஆனால் 2015இல் அதை வென்றது லூட்டனில் வளர்ந்த, பங்களாதேஷ் பின்னணியுள்ள நதியா ஹுசைன். அவரின் வீட்டில் ஓவன் சட்டி அடுக்கி வைக்கிற இடமாகத்தான் இருந்ததாம். பேக்கிங்கை அவர் பள்ளிக்கூடத்தில்தான் பழகினார். அடுத்த வருடம் மகாராணியின் 90ஆவது பிறந்தநாள் கேக்கைச் செய்ததும் அவர்தான். இதில் எனக்குப் பெரிய புல்லரிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சாப்பாடு யாருடையது எண்டு கேட்டால், சுடுறவளுடையது எண்ட பதில் எனக்குக் கிட்டத்தட்டப் போதும். படம் எடுக்கிறவருடையது இல்லை.

அதனால்தான் வீட்டில் செய்யுங்கோ எண்டு சொல்லுறன். கையால் பிசையும்போதுதான் மா எங்க இருந்து வந்தது, சீனி எங்க இருந்து வந்தது எண்ட கேள்வி வரும். ஸ்டாண்டில் வந்தால் வராது.

கிரம்பெட்டுக்கு ஈஸ்ட் பயமாக இருந்தால் வேல்ஸின் பாரா பிரித்தோடு தொடங்கலாம். பெயரின் அர்த்தம் "புள்ளி போட்ட பாண்". முந்தி அது பாண் சுட்ட நாளில் மிஞ்சின மாவுக்குள் கொஞ்சம் உலர்பழத்தைப் போட்டுச் சுட்டது. இப்போது வீடுகளில் ஈஸ்ட் இல்லாமலே செய்கிறார்கள், தேத்தண்ணியில் பழத்தை ஊறவைத்து. பட்டரும் தேவையில்லை, அதால செலவும் குறைவு.

300 கிராம் பிளம்ஸ். எங்கட ஊரில் முந்திரிகை வற்றலைத்தான் பிளம்ஸ் எண்டு சொல்லுறம், பழைய ஆங்கிலத்திலயும் அப்படித்தான். பிளம் புடிங்கில் பிளம் பழம் கிடையாது. அதோடு 150 கிராம் சிவப்புச் சீனி. இரண்டையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, 250 மில்லிலீற்றர் சூடான கடும் சாயத்தை ஊற்றி, மூடி இரவு முழுக்க விடுங்கோ. காலையில் பழம் சாயத்தைக் குடித்து உப்பியிருக்கும். ஒரு முட்டை, 250 கிராம் கோதுமை மா, இரண்டரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கொஞ்சம் கறுவாத்தூள், சாதிக்காய் ஒரு சுரண்டல், ஒரு சிட்டிகை உப்பு. கலக்கி, எண்ணெய்க் கடதாசி போட்ட பாண் தட்டில் ஊற்றி, 160 பாகையில் ஒரு மணித்தியாலமும் ஒரு கால் மணித்தியாலமும். ஓவன் இல்லாத போடிங் அறைக்காரர், அடிகனமான சட்டியில் மணல் பரப்பி, மூடி, மெல்லிய நெருப்பில் வைக்கலாம். நேரம் கொஞ்சம் கூட எடுக்கும், ஈர்க்கிலைக் குத்திப் பார்த்து இறக்குங்கோ.

சாயத்துக்கு விலை கூடின இலைத் தேயிலை வேண்டாம், அதன் மணம் பழத்துக்குள் காணாமல் போயிடும். கடையில் இருக்கிறதிலயே மலிவான டஸ்ட் தூளைப் போட்டு நல்லாக் கறுக்கக் காய்ச்சுங்கோ. சுட்ட அன்றைக்கு வெட்டினால் உதிரும். துணியில் சுற்றி அடுத்த நாள் வரைக்கும் வையுங்கோ, பிறகு மெல்லிசாய் வெட்டிப் பட்டர் பூசி, அதே தூளில் ஒரு பிளேன்ரீயும் ஊற்றிக்கொண்டு இருந்து சாப்பிடலாம்.